மோட்டார்ஹோம் ஸ்லைடு ஒரு பக்கம் மட்டும் பின்தங்குகிறது: மோட்டாரை மாற்றத்தான் வேண்டுமா?

ஒண்டாரியோ நாடோடி:

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது ஃபோர்டு ஈ-450 அடிச்சட்டத்தின் மீது கட்டப்பட்ட 'சி' வகை மோட்டார்ஹோம். ஓட்டுநர் பக்கச் சுவரில் சோபா, சாப்பாட்டு மேசை, குளிர்ப்பெட்டி மூன்றும் சேர்ந்த ஒரே ஸ்லைடு, அதாவது வண்டியை நிறுத்தியதும் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொள்ளும் அறைப்பகுதி, இருக்கிறது. குளிர்ப்பெட்டி அதன் பின்முனையில் உள்ளது. பனிக்காலம் முழுவதும் வண்டி திறந்த வெளியில் நின்றது. ஏப்ரல் கடைசியில் ஸ்லைடை வெளியே தள்ளியபோது முன்முனை வழக்கம்போலச் சென்றது. பின்முனையோ தயங்கித் தயங்கி நகர்ந்து, முழுதாக வெளிவர இரண்டு அங்குலம் இருக்கும்போதே நின்றுவிட்டது. உள்ளே இழுத்தாலும் அதே கோணல் தெரிகிறது. ஸ்லைடு மோட்டார்களை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டியில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுங்குகிறது.

ஸ்லைடின் இரு பக்கச் சுவர்களிலும் மேலும் கீழுமாக அலுமினியப் பல்சட்டங்கள் இருக்கின்றன. வண்டிக்கு அடியில் குறுக்குத் தண்டோ ஹைட்ராலிக் குழாயோ எதுவும் தென்படவில்லை. பழுது பார்க்கும் கடையொன்றில் கேட்டபோது, இரண்டு மோட்டார்களையும் கன்ட்ரோலரையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்று சொல்லி, ஒரு மாதச் சம்பளத்துக்கு நெருக்கமான தொகையை எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் எங்கேயும் மீட்டர் வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை; அதனால்தான் பணம் கட்டுவதற்கு முன் இங்கே கேட்கிறேன்.

மோட்டார்தான் காரணம் என்று எப்படி உறுதி செய்வது? பல்சட்டத்துக்கு எண்ணெயோ கிரீஸோ போடலாமா? ஜூலையில் ஆல்கொன்குயின் பூங்காவின் மியூ லேக் முகாமில் இடம் பதிவு செய்திருக்கிறோம். அங்கே ஸ்லைடு வெளியே சிக்கிக்கொண்டால் கையால் உள்ளே தள்ளிக்கொண்டு ஊர் திரும்ப வழி உண்டா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளிர்ப்பெட்டிக்கு அருகில், ஸ்லைடுத் தரையின் வெளி மூலை காலால் அழுத்தினால் சற்று மெத்தென்று இருக்கிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா என்று தெரியவில்லை.

மிஷிகன் மெக்கானிக்:

வணக்கம். நீங்கள் விவரிப்பது சுவருக்குள் பதிந்த வகை ஸ்லைடு. ஷ்விண்டெக் என்ற பெயரில் அறிமுகமாகி, 2010 முதல் லிப்பர்ட் நிறுவனத்தின் தயாரிப்பாக வருகிறது. எடை குறைவு, அடிச்சட்டத்தைத் துளைக்க வேண்டியதில்லை என்ற இரண்டு காரணங்களால் 'சி' வகை வண்டிகளில் இதைப் பரவலாகக் காணலாம். ஸ்லைடு வந்துபோகும் திறப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு செங்குத்துத் தூண் இருக்கும். ஒவ்வொரு தூணின் உச்சியிலும் ஒரு மோட்டார் உண்டு. அதிலிருந்து இறங்கும் தண்டின் மேலும் கீழும் உள்ள பற்சக்கரங்கள், நீங்கள் பார்த்த பல்சட்டங்களைப் பற்றிக்கொண்டு அறையை நகர்த்துகின்றன. முன்தூணையும் பின்தூணையும் இணைக்கும் இரும்பு எதுவும் இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். இரு பக்கமும் சேர்ந்து நகர வேண்டிய பொறுப்பு முழுக்கக் கன்ட்ரோலரிடம் விடப்பட்டிருக்கிறது.

ஒவ்வொரு மோட்டாருக்குள்ளும் ஹால் உணரி ஒன்று இருக்கிறது. மோட்டார் சுற்றச் சுற்ற அது துடிப்புகளை அனுப்பும். கன்ட்ரோலர் இரு பக்கத் துடிப்புகளையும் எண்ணி, முந்துகிற மோட்டாரின் வேகத்தைக் குறைத்துச் சமப்படுத்தும். குறைக்கத்தான் அதனால் முடியும். பின்தங்குகிற மோட்டாருக்குப் பேட்டரி தருவதற்கு மேல் ஒரு வோல்ட்கூடக் கூட்டிக் கொடுக்க அதற்கு வழியில்லை. ஆகவே மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும் வண்டியில், எந்தப் பக்கம் சுமை அதிகமோ அந்தப் பக்கம்தான் முதலில் திணறும். உங்கள் வண்டியில் குளிர்ப்பெட்டி பின்முனையில் இருக்கிறது, பின்தங்குவதும் பின்முனைதான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் மின்சாரத்தைச் சந்தேகிப்பதே முறை.

பேட்டரியை ஓய்வில் அளந்து 12.6 வோல்ட் காட்டுகிறது என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள். ஸ்லைடு ஓடிக்கொண்டிருக்கும்போது அளப்பதுதான் பயன்படும். வீட்டில் ஒருவரைச் சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்கச் சொல்லி, மல்டிமீட்டரைக் கன்ட்ரோலருக்கு 12 வோல்ட் வந்து சேரும் இரு முனைகளில் வையுங்கள். அதே ஓட்டத்தில் பேட்டரிக் கம்பங்களிலும் அளந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். பேட்டரியிலேயே அழுத்தம் சரிந்தால் பேட்டரி நொந்துவிட்டது என்று கொள்ளலாம். பேட்டரி நிலையாக நின்று, கன்ட்ரோலரில் மட்டும் இரண்டு மூன்று வோல்ட் குறைந்தால் வழியில் எங்கோ தடை இருக்கிறது: துருவேறிய எர்த் போல்ட், பச்சை பூத்த ஃபியூஸ் பிடிப்பான், பேட்டரிக்கு அருகே உள்ள 30 ஆம்பியர் பிரேக்கரின் தளர்ந்த நட்டு. கணக்கு எளிது. 15 ஆம்பியர் ஓடும் பாதையில் 0.2 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே போய்விடும். அது 45 வாட் வெப்பமாகவும் மாறும், ஆகவே தடை இருக்கும் இணைப்பைத் தொட்டால் பெரும்பாலும் சூடு தெரியும். வெளி மின்சாரத்தில் சொருகியிருக்கிறோமே என்ற நம்பிக்கையும் வேண்டாம். பேட்டரி செத்திருந்தால், அந்த மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் கன்வெர்ட்டர் மட்டும் அந்த நேரத்துச் சுமையைத் தாங்காது.

அடுத்தது விளக்கு. சிவப்பு எத்தனை முறை மினுங்கி நிற்கிறது என்பது பழுதின் வகையையும், பச்சை எத்தனை முறை மினுங்குகிறது என்பது எந்த மோட்டார் என்பதையும் குறிக்கும். எண்ணி எழுதிக்கொண்டு, உங்கள் கன்ட்ரோலருக்குரிய கையேட்டின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். மின்னழுத்தக் குறைவுக்கு ஒரு எண், மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுப்பதற்கு இன்னொன்று, ஹால் துடிப்பு வராததற்கு வேறொன்று என்று தனித்தனியாக இருக்கும். அந்தக் கடையில் இதையாவது எண்ணிப் பார்த்திருக்கலாம்.

மின்னழுத்தம் சரியாக இருந்தும் பின்முனை தயங்கினால், அப்போது மோட்டாரைத் தூணிலிருந்து கழற்றி, சுமை இல்லாமல் அதன் தடித்த இரு கம்பிகளுக்கு மட்டும் 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். சீராகச் சுற்றினால் மோட்டார் பிழைத்திருக்கிறது. சிக்கல் உணரியின் மெல்லிய கம்பிகளிலோ, இணைப்பானிலோ, பற்சக்கரத்திலோ இருக்கும். மெல்லிய கம்பிகளுக்கு நேரடி மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள், உணரி அந்த நொடியே போய்விடும்.

பழுது நீங்கிய பிறகு இரு மோட்டார்களையும் மறுபடி ஒத்திசைக்க வேண்டும். ஸ்லைடை முழுதாக வெளியே தள்ளி, அது நின்ற பிறகும் சுவிட்சை விடாமல், மோட்டார்கள் தாமாக அடங்கும்வரை சில நொடிகள் பிடித்திருங்கள். பிறகு சில அங்குலம் உள்ளே இழுத்து, மறுபடி முழுதாகத் தள்ளிப் பிடியுங்கள். இரு முனைகளும் ஒன்றாகச் சென்று முட்டும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். இந்த வகை ஸ்லைடைப் பாதி வழியில் நிறுத்தி நிறுத்தி ஓட்டும் பழக்கமே பல சமயம் ஒத்திசைவைக் கெடுக்கிறது. வெளியே என்றால் கடைசிவரை வெளியே, உள்ளே என்றால் கடைசிவரை உள்ளே.

டெக்சாஸ் டீசல்:

நான் வைத்திருப்பது பேருந்து போன்ற 'ஏ' வகை டீசல் வண்டி, ஸ்லைடுகள் ஹைட்ராலிக். அதனால் உங்கள் கன்ட்ரோலரைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மிஷிகன் ஐயா சொன்னதே போதும். நான் சேர்க்க நினைப்பது வண்டியின் நிலைப்பைப் பற்றி. வண்டி சமமில்லாத தரையில் நிற்கும்போது அடிச்சட்டம் சற்று முறுகும்; அதோடு சுவரில் வெட்டிய திறப்பும் சதுரம் இழக்கும். டேப்பை எடுத்துத் திறப்பின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் வண்டியைச் சமப்படுத்தும் ஜாக்கைத் திருத்திவிட்டு ஸ்லைடை ஓட்டிப் பாருங்கள். ஸ்லைடை முதலில் வெளியே தள்ளுவதா, வண்டியை முதலில் சமப்படுத்துவதா என்பதில் தயாரிப்பாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை, ஆகவே உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள வரிசையையே பின்பற்றுங்கள்.

தடங்கல்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பின்னுக்குச் சாய்த்த ஓட்டுநர் இருக்கை, திறந்து கிடக்கும் அலமாரிக் கதவு, ஸ்லைடின் அடியில் உருண்டுபோன பிள்ளைகளின் பொம்மை, பயணத்தில் ஸ்லைடு நகராதபடி மாட்டி, பிறகு கழற்ற மறந்த தாழ் ஆகியவற்றால் நின்றுபோகும் ஸ்லைடுகள் மோட்டார் பழுதால் நிற்பவற்றைவிடக் குறைவாக இருக்காது என்பது என் எண்ணம். பல்சட்டத்துக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம் தடவினால் ஓட்டம் இலகுவாகும்.

ஹைட்ராலிக் வண்டி வைத்திருக்கும் வேறு யாராவது இதைப் படித்தால் ஒரு குறிப்பு: தொட்டியில் எண்ணெய் அளவைப் பார்க்கும்போது ஸ்லைடுகளும் ஜாக்குகளும் எல்லாம் உள்ளே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் வெளியே தள்ளி வைத்துக்கொண்டு 'குறைகிறதே' என்று ஊற்றினால், உள்ளே இழுக்கும்போது சிலிண்டர்களிலிருந்து திரும்பும் எண்ணெய்க்குத் தொட்டியில் இடம் இருக்காது. மூடி வழியாகப் பொங்கிக் கீழ்ப்பெட்டி முழுவதும் பரவிவிடும். எந்த எண்ணெய் என்பதையும் கையேடே சொல்லும். பல அமைப்புகளில் தானியங்கி கியர்ப்பெட்டிக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். போதும், சில தயாரிப்பாளர்கள் தங்கள் எண்ணெயையே ஊற்றச் சொல்கிறார்கள்.

கிழக்குக்கரை:

டெக்சாஸ் அண்ணா மற்றதெல்லாம் சரியாகச் சொன்னார். கிரீஸ் விஷயத்தில் மட்டும் நான் உடன்பட மாட்டேன். இந்தப் பல்சட்டங்கள் வெளியே திறந்து கிடப்பவை. ஒவ்வொரு நெடுஞ்சாலைப் பயணத்திலும் அவற்றின் மேல் தூசியும் மணலும் படிகின்றன. கிரீஸ் அந்த மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பற்சக்கரம் அதன் மேல் ஓடும்போது மென்மையான அலுமினியப் பல்லை அது தேய்த்துத் தின்றுவிடும். தயாரிப்பாளரே உலர்ந்த மசகையே சொல்கிறார், அதுவும் சத்தம் கேட்டால் மட்டும். பழைய துணியாலும் நைலான் தூரிகையாலும் பல்சட்டத்தைத் துடைத்து, டெஃப்லான் கலந்த உலர் ஸ்ப்ரேயை மெல்லிய படலமாக அடித்து, காய்ந்த பிறகு ஓட்டினால் போதும். துடைக்கும்போது பற்களை விரல்நுனியால் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பல் கூராகவோ, பளபளவென்று தேய்ந்தோ இருந்தால், அல்லது அருகில் வெள்ளித் தூள் உதிர்ந்து கிடந்தால், அங்கே பற்சக்கரம் தாண்டித் தாண்டி ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் எந்த மசகும் உதவாது, சட்டத்தைத்தான் மாற்ற வேண்டும்.

இணையத்தில் தேடினால், கன்ட்ரோலரில் உள்ள பொத்தானை ஆறு முறை தட்டி, ஏழாம் முறை ஐந்து நொடி அழுத்திப் பிடித்து, உணரியைப் பொருட்படுத்தாமல் ஸ்லைடை ஓட்டும் அவசர முறை ஒன்றைப் பார்ப்பீர்கள். அது உண்மைதான், ஆனால் சோதித்துப் பார்க்கும் வழியாக அதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த முறையில் ஒத்திசைவு என்பதே கிடையாது. ஏற்கெனவே கோணலாக நிற்கும் அறையை அப்படி ஓட்டினால், முந்துகிற முனை மேலும் முந்தி அறை திறப்பில் நெருக்கிக்கொள்ளும். அதுவரை நல்ல நிலையில் இருந்த பற்சக்கரமும் போய்விடும். காட்டில் மாட்டிக்கொண்டு வேறு வழியில்லாதபோது, இரு முனையிலும் ஒவ்வொருவர் நின்று கவனிக்க, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுவர மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் கடைசியில் சொன்ன மெத்தென்ற மூலைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தத் திரியில் எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான். மோட்டாரும் கம்பியும் என்றைக்கும் கிடைக்கும். தரை உளுத்தால் அறையையே பிரிக்க வேண்டியிருக்கும். ஸ்லைடின் தரை பெரும்பாலும் ஒட்டுப்பலகை அல்லது மரச்சீவல் பலகை. அதன் அடிப்பாகத்தைக் கறுப்புத் துணி போன்ற மெல்லிய தடுப்புப் படலத்தால் மூடியிருப்பார்கள். வெளி விளிம்பில் அந்தப் படலம் கிழிந்தாலோ, மூலையில் இருந்த சீலன்ட் வெடித்தாலோ தண்ணீர் பலகையின் வெட்டுமுனை வழியாக உறிஞ்சப்படும். மரச்சீவல் பலகை ஒருமுறை ஊறி உப்பினால் காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. உப்பிய தரை திறப்பின் கீழ்விளிம்பில் உரசும், உரசும் முனை பின்தங்கும். ஆகவே இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா என்ற உங்கள் கேள்விக்கு, இருக்கக்கூடும் என்பதே என் பதில்.

சோதிப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஸ்லைடு வெளியே நிற்கும்போது அடியில் படுத்து, கூரான திருப்புளியால் வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரு கைப்பிடி இடைவெளியில் மெதுவாகக் குத்திப் பாருங்கள். நல்ல பலகை திருப்புளியைத் தடுத்து நிறுத்தும். உளுத்த இடத்தில் அது ஈரமான கேக்கில் போவதுபோல இறங்கும். குத்திய துளைகளைப் பிறகு சீலன்டால் அடைக்க மறக்காதீர்கள். எந்த இடத்தில் கெட்ட பகுதி முடிகிறது என்பதைச் சாக்கட்டியால் வட்டமிட்டு வையுங்கள். பழுதுக்கு விலை பேசும்போது அந்த வட்டம் உதவும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை அதற்கு முன் கண்டுபிடிக்க வேண்டும். திறப்பைச் சுற்றி இரண்டு விதமான ரப்பர்கள் இருக்கும்: அழுத்தி அடைக்கும் உருண்டையான பல்ப் சீல், வழித்து ஒதுக்கும் நாக்குப் போன்ற வைப்பர் சீல். மேல் மூலைகளில் இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தைக் கூர்ந்து பாருங்கள். கிழிவதும் மடிவதும் பெரும்பாலும் அங்கேதான். நாக்கு உள்பக்கமாக மடிந்து மாட்டியிருந்தால், ஸ்லைடின் மேல் தேங்கிய தண்ணீர் அந்த மடிப்பில் வழிந்து நேராகக் கீழ் மூலைக்கு வரும். மூலை மெத்தென்றிருப்பது கீழே என்பதால் கீழேதான் ஓட்டை என்று எண்ணிவிட வேண்டாம். மழை நின்ற பிறகு ஸ்லைடை உள்ளே இழுக்கும்போது மேற்கூரையைத் துடைத்துவிடுவதும், ஸ்லைடுக்கு மேல் துணிக்கூரை இருந்தால் அதில் தங்கிய சருகையும் தண்ணீரையும் முதலில் தள்ளிவிடுவதும் நல்ல பழக்கம்.

அந்த ரப்பர் பெரும்பாலும் இ.பி.டி.எம். வகை. பெட்ரோலியம் கலந்த எதுவும் அதற்கு ஆகாது. உப்பிப் பிசுபிசுத்துப் போகும். டபிள்யூடி-40, வாசலின், எஞ்சின் எண்ணெய் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். சோப்புத் தண்ணீரால் கழுவி, உலர்ந்த பிறகு, ஸ்லைடு சீலுக்கென்றே விற்கும் பதப்படுத்தியையோ 303 புரொடெக்டன்டையோ துணியில் நனைத்துத் தடவுங்கள். உங்கள் ஊர்க் குளிருக்கு இதை ஆண்டில் ஒருமுறை செய்தால் போதாது. பனிக்கு முன்பும் பனிக்குப் பின்பும் செய்வது நல்லது.

ஒண்டாரியோ நாடோடி:

மூவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்னபடி அளந்துவிட்டேன். ஓய்வில் பேட்டரி 12.7 வோல்ட். ஸ்லைடு ஓடும்போது பேட்டரிக் கம்பங்களில் 12.2, கன்ட்ரோலரின் முனைகளில் 9.6. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்க்கம்பத்திலும் மறுமுனையைக் கன்ட்ரோலரின் எர்த் கம்பியிலும் வைத்தபோது 2.1 வோல்ட் காட்டியது. சிவப்பு விளக்கின் எண்ணிக்கையைக் கையேட்டோடு ஒப்பிட்டேன். மின்னழுத்தம் விட்டுப்போனதையே அது குறிக்கிறது. மூலைவிட்டங்கள் இரண்டும் சமம், பல்சட்டத்தில் தேய்மானம் இல்லை. தரையை இன்னும் குத்திப் பார்க்கவில்லை. மழை விட்டதும் செய்வேன். இந்த 2.1 வோல்ட்டை நான் சரியாகத்தான் புரிந்துகொள்கிறேனா? எர்த் பக்கம்தானே கோளாறு?

மிஷிகன் மெக்கானிக்:

ஆம், எர்த் பக்கம்தான். நல்ல எர்த் பாதையில் அந்த அளவு அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. நீங்கள் இழந்த மொத்தம் 2.6 வோல்ட், அதில் 2.1 திரும்பும் வழியிலேயே போகிறது. மீதி அரை வோல்ட் ஃபியூஸ், பிரேக்கர், கம்பியின் நீளம் ஆகியவற்றுக்குப் போவது, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பேட்டரி எதிர்க்கம்பத்திலிருந்து கம்பி அடிச்சட்டத்தில் எங்கே போல்ட் இடப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். உங்கள் ஊரில் சாலையில் கொட்டும் உப்பு முதலில் பதம் பார்ப்பது அந்த இடத்தைத்தான். வெளியே நட்டு நன்றாகவே தெரியலாம், கழற்றினால்தான் வளையத்துக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள துரு தெரியும். பேட்டரி இணைப்பை முதலில் கழற்றிவிட்டு, வளையத்தையும் சட்டத்தையும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, நட்சத்திர வாஷர் வைத்து இறுக்கி, மேலே மட்டும் துருத்தடுப்புப் பூச்சு கொடுங்கள். கன்ட்ரோலரின் எர்த் கம்பி வேறொரு இடத்தில் சட்டத்தைத் தொட்டால் அங்கேயும் இதையே செய்யுங்கள். முடித்துவிட்டு மறுபடி ஓட்டத்தில் அளந்த பிறகே ஒத்திசைவைத் தொடங்குங்கள். தாழ்ந்த மின்னழுத்தத்தில் ஒத்திசைத்தால் கன்ட்ரோலர் தவறான நிலையை முழு எல்லையாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

அடுத்த குளிர்காலத்துக்கு முன் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து மின்னேற்றுங்கள். ஈய பேட்டரியின் திறன் உறைநிலையிலேயே ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. முழுதாகக் காலியானது −10 டிகிரிக்கு முன்பே உறைந்து ஓடு வெடித்துவிடும்.

கையால் தள்ளுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதை இதுவரை யாரும் சொல்லவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இரு தூண்களின் உச்சியிலும் பல்ப் சீலை ஒதுக்கினால் மோட்டார் தெரியும். அதைப் பிடித்திருக்கும் திருகைக் கழற்றி, மோட்டாரைத் தண்டிலிருந்து விடுபடும்வரை மேலே தூக்கி, மறுபடி இறங்காதபடி நிறுத்துங்கள். இரு பக்கமும் விடுபட்ட பிறகுதான் தள்ள வேண்டும். குளிர்ப்பெட்டியும் அதே ஸ்லைடில் இருப்பதால் முனைக்கு இருவர் வீதம் வெளியே நின்று, ஒருவர் குரல் கொடுக்க, தரை மட்டத்துக்கு அருகே கைவைத்து ஒரே வேகத்தில் தள்ளுங்கள். சுவரின் நடுவே தள்ளினால் மெல்லிய பலகை உள்வாங்கும். மோட்டார் விடுபட்ட ஸ்லைடைப் பிடித்து வைக்க வேறெதுவும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். உள்ளே வந்ததும் மோட்டார்களைத் தண்டின் மேல் மறுபடி இறக்கிவிட்டு, ஸ்லைடின் உள்விளிம்புக்கும் வண்டியின் பக்கச்சுவருக்கும் இடையே இரு முனைகளிலும் சரியான நீளத்துக்கு வெட்டிய மரச்சட்டத்தை நெருக்கி வையுங்கள். வளைவில் வண்டி சாயும்போது அந்தச் சட்டங்கள்தான் அறை வெளியே நழுவாமல் தடுக்கும். ஜூலைப் பயணத்துக்கு முன் வீட்டு வாசலிலேயே அந்த நீளத்தை அளந்து, இரண்டு சட்டங்களை வெட்டிப் படுக்கைக்கு அடியில் போட்டுவிடுங்கள்.

கிழக்குக்கரை:

மின்சாரம் சீரானதும் ஸ்லைடு ஒழுங்காக ஓடத் தொடங்கும். தரைச் சோதனையை அந்த நிம்மதியில் தள்ளிப்போட வேண்டாம். கெட்ட பகுதி வெளி விளிம்பிலிருந்து சில அங்குலத்துக்குள் அடங்கியிருந்தால், அதைக் காயவைத்து, மரத்துக்குள் ஊறி இறுகும் எபாக்சி ஊற்றி, விளிம்பை அலுமினிய 'எல்' பட்டையால் மூடி, மேலே டைகார் போன்ற சீலன்ட் இட்டு நீங்களே முடித்துவிடலாம். குளிர்ப்பெட்டியின் கால்கள் நிற்கும் இடம்வரை போயிருந்தால் எபாக்சியோடு விடக் கூடாது. சுமை தாங்கும் பலகையை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டும், அந்த வேலை முடியாமல் ஆல்கொன்குயினுக்கு ஸ்லைடைத் திறக்கவும் கூடாது. மழை விட்டுக் குத்திப் பார்த்ததும், சாக்கட்டி வட்டத்தோடு படம் எடுத்து இங்கே போடுங்கள். வட்டத்துக்குப் பக்கத்தில் டேப்பை விரித்து வைத்து எடுத்தால் அளவு எங்களுக்கும் தெரியும்.